சோணைமுத்துவின் இரண்டாவது துடிப்பு

செத்துப்போனவருக்கு நாடி அடிக்கிறது என்று போன் வந்தால் எந்த டாக்டரும் முதலில் என்ன நினைப்பார்? சொல்கிற ஆள் காலையிலேயே ஊற்றிக்கொண்டுவிட்டான் என்றுதான் நினைப்பார். அங்கயற்கண்ணியும் அப்படி நினைத்துவிட்டுப் போனை வைத்திருப்பாள், பேசியது மட்டும் செத்தவரின் மனைவி பேச்சியம்மாளாக இல்லாதிருந்தால்.

"டாக்டரம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. குளிப்பாட்ட வெளிய எடுத்தோம். அவருக்கு நாடி அடிக்குது."

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நான் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் பேசுறேன்."

சோணைமுத்து போய்ச் சேர்ந்தது முந்தாநாள். செல்லூரில் தன்னுடைய பரோட்டா கடையில், கல்லுக்கு முன்னால் நின்றபடியே சரிந்தார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நெஞ்சும் நின்றுவிட்டது. இதய அறுவை டாக்டரான அங்கயற்கண்ணியே கீழே ஓடிவந்து, கை வலிக்க வலிக்க நெஞ்சை அழுத்திப் பார்த்து, கடைசியில் தன் வாயாலேயே "போயிட்டாரும்மா" என்று பேச்சியம்மாளிடம் சொன்னாள். நேற்று ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு போய், ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக முகத்தையும் பார்த்துவிட்டு வந்தாள். மகன் அழகர் சார்ஜாவிலிருந்து வந்து சேரவேண்டும் என்பதால் உடலைப் பெட்டியிலேயே வைத்திருந்தார்கள்.

செல்லூர்த் தெருவுக்குள் கார் நுழைந்ததுமே ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. சாவு வீட்டில் ஒரு சத்தம் இருக்க வேண்டும் அல்லவா? அழுகை, ஒப்பாரி, ஓரமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களின் சிரிப்பு, ஏதாவது ஒன்று. இங்கே ஒன்றுமே இல்லை. பந்தலுக்குக் கீழே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வந்த ஜனம் முழுக்க எதிர்ச்சாரியில், சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நின்றது. தப்பு அடிக்க வந்தவர்கள் தப்பைக் காய்ச்ச மூட்டிய நெருப்பு கவனிப்பார் இல்லாமல் புகைந்துகொண்டிருந்தது.

வாசலில் பெஞ்சின்மேல் சோணைமுத்து ஈர வேட்டியோடு கிடந்தார். பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் பேச்சியம்மாள். கால்மாட்டில் அழகர் நின்றான். விமானத்தில் வந்த சட்டையைக்கூட அவன் இன்னும் மாற்றவில்லை.

"ஐஸுல ரெண்டு நாளாக் கிடந்த மனுசனுக்குப் பச்சத்தண்ணிய ஊத்த மனசு வரல, டாக்டரம்மா," என்றாள் பேச்சியம்மாள். "இந்தச் சித்திரை மாசத்துலயும் வெந்நீருலதான் குளிப்பாரு. அண்டாவுல காயவச்சு, நீர்மாலை எடுத்த தண்ணியோட கலந்து சொம்பு சொம்பா நெஞ்சுல ஊத்துனேன். கடைசிக் குளிப்பாச்சே, நல்லாச் சூடா இருக்கட்டும்னு ஊத்துனேன்."

அங்கயற்கண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளிர்பெட்டியிலிருந்து எடுப்பது, வெதுவெதுப்பான நீரை ஊற்றுவது, கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பது. பரிசோதனைக்கூடத்தில் அவளே எத்தனையோ முறை செய்த வேலை அது. அதை ஒரு வீட்டுவாசலில், அண்டாத் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் பேச்சியம்மாள் அப்படியே செய்து முடித்திருக்கிறாள்.

மணிக்கட்டில் விரலை வைத்தாள். இருந்தது.

ஆனால் அது சோணைமுத்துவின் நாடி இல்லை. அவருடைய நாடி அவளுக்கு நன்றாகத் தெரியும். நிதானமாக, அவர் பரோட்டாவை வீசுகிற மாதிரி அலட்டிக்கொள்ளாமல் அடிக்கும். இது மெல்லிசாகக் குடுகுடுவென்று ஓடியது. பெரியவர்கள் யாருக்கும் இப்படி ஓடாது. கைக்குழந்தைக்குத்தான் ஓடும். கண்ணிமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தாள். பாவை அசையவே இல்லை. மூக்கடியில் மூச்சு இல்லை. நெற்றி ஐஸாகச் சில்லிட்டிருந்தது, நெஞ்சில் மட்டும் கதகதப்பு.

"மேடம், உங்க ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோவோம்," என்றான் அழகர். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆம்புலன்ஸ் வந்துரும். சொல்லுங்க மேடம்."

எப்படிச் சொல்வாள்? இதை விளக்க வேண்டுமென்றால் பத்தொன்பது வருஷம் பின்னால் போகவேண்டும்.

பைபாஸ் என்பது ஒன்றுமில்லை. இதயத்துக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால், வேறொரு குழாயை வைத்து ரத்தத்துக்குச் சுற்றுவழி போட்டுத் தருவது. அந்த வேறு குழாயை உடம்பில் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் டாக்டர்களுக்குள் ஓயாத சண்டை. காலிலிருந்து எடுத்தால் சுலபம், ஆனால் பத்து வருஷத்தில் பாதிப் பேருக்கு அதுவும் அடைத்துக்கொள்ளும். நெஞ்சுச் சுவருக்கு உள்பக்கம் ஓடும் குழாய் தங்கம், காலத்துக்கும் உழைக்கும். ஆனால் சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு பக்கமும் எடுத்துவிட்டால் நெஞ்செலும்பு ஆறாமல் புண்ணாகிவிடும். மூன்றாவது, கையிலிருந்து எடுப்பது.

சோணைமுத்துவுக்குச் சர்க்கரை இருந்தது. அதனால் நெஞ்சில் ஒரு குழாய்தான் எடுக்க முடியும். மீதி அடைப்புகளுக்கு என்ன செய்வது?

"காலைத் தொட முடியாது," என்று அன்றைக்கு அங்கயற்கண்ணி சொன்னாள். "கல்லுக்கு முன்னாடி நின்னு நின்னு நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கு. கையில எடுக்கலாம். ஆனா உங்க தொழிலே கையிலதான் இருக்கு."

"கையில கத்திய வச்சுட்டா அப்புறம் நான் எதை வச்சும்மா வீசுறது? நாக்கு சும்மாதான் கிடக்கு, அதுல எடுத்துக்கங்க."

"அது என்னைக்கிச் சும்மா கிடந்துச்சு?" என்றாள் பேச்சியம்மாள்.

அப்போதுதான் நான்காவது வழியைச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் வளர்த்த குழாய். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்த உயிரணுக்களை வளர்த்துச் செய்தது. குளிர்பெட்டியில் எத்தனை மாதம் கிடந்தாலும் சாகாது. சூடு பட்டதும் விழித்துக்கொண்டு தானாகவே துடிக்கும், ரத்தத்தைத் தள்ளிவிடும். "தொட்டிச் செடி மாதிரின்னு சொல்லுங்க. சரி, நட்டு விடுங்க," என்றார் சோணைமுத்து.

அந்தக் குழாயைப் போட்டுக்கொண்ட முதல் ஆள் அவர்தான். பிறகு வேறு குழந்தைகளின் கொடியில் வளர்த்ததைப் போட்டுக்கொண்டவர்கள் எத்தனையோ பேர். பத்தாவது வருஷம் கால்குழாய்க்காரர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தபோது, இவர்கள் மாம்பழக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினைந்தாவது வருஷம் படம் எடுத்துப் பார்த்தால், அந்தக் குழாய் இதயத்தின் மேலேயே படர்ந்து, செத்துப்போன சதையை எல்லாம் தன் சதையால் நிரப்பியிருந்தது. மாநாட்டில் கைதட்டினார்கள். மனுஷன் நின்றுபோன பிறகு அது என்ன செய்யும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"அழகர், அப்பா இல்லப்பா," என்றாள் இப்போது. "அவரு மூளை அடங்கி ரெண்டு நாளாச்சு. அடிக்கிறது நாங்க வச்ச குழாய். அன்னைக்கு அவரோட சேர்ந்து அதுவும் நின்னுபோச்சு, ஆனா சாகல. குளிருல அது தூங்கும், சூடு பட்டா முழிச்சிக்கும். அப்படித்தான் அதைச் செஞ்சது. இதயத்துல முக்கால்வாசி இப்ப அதுதான். அதனால இதயத்தையும் சேர்த்து ஆட்டுது."

"நெஞ்சு அடிக்குது, நாடி அடிக்குது, ஆனா ஆளு செத்துட்டாருங்கிறீங்க. எந்த ஊரு நியாயம் மேடம் இது?" என்றான். "நான் வர்றதுக்காகத்தான் அவரு பெட்டியில கிடந்தாரு. நான் வந்துட்டேன், அவருக்கு நாடி வந்துருச்சு. இப்பப் போயி எரிக்கச் சொன்னா எரிச்சிருவேனா? மெசின்ல போட்டா?"

"மெஷின்ல போட்டா அடிக்கும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"தெரியல. பல வருஷம்கூட அடிக்கலாம்."

"எந்திரிப்பாரா மேடம்?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அவள் வாயில் வந்தது, "பார்க்கலாம்" என்ற வார்த்தை.

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. முப்பது வருஷ அனுபவத்தில் செத்தவர் வீட்டாரிடம் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவள் விரல் இன்னமும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது, எடுக்க மனமில்லை. மறுகை போனை எடுத்துவிட்டது. ஒரு அழைப்பு போதும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஓடோடி வருவார்கள், இப்படி ஒரு இதயத்தைக் கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க அவர்களுக்குக் கசக்குமா என்ன? இது அடித்துக்கொண்டே இருக்கும். அவள் தினமும் போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

"டாக்டரம்மா," என்றாள் பேச்சியம்மாள். "செத்த நேரம் உள்ள வாங்க."

அடுப்படியில் அண்டா இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும். கல்யாணம் ஆன நாள்லருந்து நான் அவரு நெஞ்சுலதான் தலைய வச்சுப் படுப்பேன். ஆப்பரேசனுக்கு முன்னாடி ஒரு அடிதான் அடிக்கும். பின்னாடி ரெண்டு அடிக்குது. ஒண்ணு அவரு. இன்னொண்ணு குறுக்க குறுக்க ஓடும். அவரு யாருகூடயாவது மல்லுக்கட்டிட்டு வந்தா, அது மெரண்டுபோயிக் கிடக்கும். நான் தட்டிக் குடுப்பேன். பிள்ளையத் தட்டுற மாதிரி, மெதுவா. தட்டத் தட்ட அடங்கிரும். வெளிய சொன்னா கிறுக்கிம்பாய்ங்கன்னு ஒருத்தருட்டயும் சொன்னதில்ல."

அங்கயற்கண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"நீங்களும் கேப்பீங்கள்ல?" என்றாள் பேச்சியம்மாள். "வருசா வருசம் செக்கப்புக்கு வர்றப்ப மத்த டாக்டருங்க ரெண்டு இடத்துல வச்சுட்டு எடுத்துருவாங்க. நீங்க கண்ண மூடிக்கிட்டு அம்புட்டு நேரம் கேப்பீங்க. 'என்னம்மா, உள்ள ரேடியோவா பாடுது'ன்னு அவரு கிண்டல் பண்ணுவாரு. நான் உங்க மொகத்தத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன். தாயி, அது யாரு?"

பத்தொன்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. குழாய் எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டார்கள், பக்கவிளைவு கேட்டார்கள். யாருடையது என்று கேட்கவில்லை.

"என் பொண்ணு," என்றாள்.

பேச்சியம்மாள் சாத்திய கதவுக்கு அப்பால், பெஞ்சு கிடந்த பக்கம் திரும்பினாள்.

"அவ பிறந்தப்ப நான் அந்தக் கூடத்துலதான் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். வாளியில போற கொடிதானேன்னு எடுத்துக் குடுத்தேன். நிறையக் குழந்தைங்க கொடிய வளர்த்துப் பார்த்தோம். அப்போ குளிரைத் தாங்கினது அவளோடது மட்டும்தான். பத்து மாசத்துல அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அவ்வளவு பெரிய டாக்டருங்க இருக்கிற ஆஸ்பத்திரி, ஒருத்தராலயும் ஒண்ணும் செய்ய முடியல. கடைசி ராத்திரி முழுக்க அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப வாசல்ல பார்த்தேனே, அதே ஓட்டம்தான்." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆம்பளைங்க எடுத்துட்டுப் போனாங்க. பொம்பளைங்க அங்க வரக்கூடாதுன்னுட்டாங்க. எந்த இடத்துல பொதைச்சாங்கன்னுகூட நான் பார்க்கல. மறுவாரம் கூடத்துக்குப் போறேன், கண்ணாடிக்குள்ள குழாய் துடிச்சிக்கிட்டு இருக்கு."

"அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு வந்தாராக்கும்."

"அப்பத்தான் வந்தாரு. பேச்சியம்மா, நான் பொய் சொல்லல, ஆனா முழுசாவும் சொல்லல. கையில எடுத்திருக்கலாம். கொஞ்ச நாள் விரல் மரமரத்துட்டுச் சரியாயிருக்கும். அவரு பரோட்டா வீசியிருப்பாரு. வளர்த்த குழாய்தான்னு நான் பேசிப் பேசி உங்க மனசைத் திருப்பினேன். அவருக்காகவா, எனக்காகவான்னு கேட்டா, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

வெளியே அழகர் யாரிடமோ ஆம்புலன்ஸைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். பேச்சியம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. இல்லாமல் இருக்குமா? பெண்டாட்டி தலைவைத்துப் படுக்கும் நெஞ்சில், கேட்காமல் இன்னொருத்தியின் பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது.

"பத்தொம்பது வருசம் வீசுனாரு," என்றாள் கடைசியில். "அத நான் இல்லைங்கல. இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. டாக்டரா சொல்லுங்க. அவரு இருக்காரா, இல்லையா?"

கையில் போன் இருந்தது. இருக்கிறார் என்றால் ஆம்புலன்ஸ் வரும், பிள்ளையின் நாடி அடித்துக்கொண்டிருக்கும். இல்லை என்றால் நெருப்பு. முதல் தடவை பிள்ளையை எடுத்துப் போனபோது அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தத் தடவை கேட்டுவிட்டார்கள், பாவி மனுஷி, வாயைத் திறந்து சொல்லவேண்டியிருக்கிறது.

"இல்ல," என்றாள். "அவரு முந்தாநாளே போயிட்டாரு. நான் பார்க்கலாம்னு சொன்னது தப்பு."

"அப்ப எரிச்சிரலாமா?"

அங்கயற்கண்ணி எத்தனையோ பேரின் நெஞ்சை ரம்பத்தால் அறுத்துத் திறந்தவள். அதெல்லாம் இதைவிடச் சுலபம். போனை அடுப்பு மேடையில் வைத்தாள்.

"எரிச்சிரலாம்," என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பேச்சியம்மாள் அவளைத் தேற்றவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேரே வாசலுக்குப் போனாள்.

"டேய் அழகரு, ஆம்புலன்ச வேணாம்னு சொல்லு. அப்பா இல்லடா. டாக்டரம்மா சொல்லிட்டாங்க, எனக்கும் தெரியும். அவரு அடி எனக்குத் தெரியாதா? இது அவரு அடி இல்ல. முத்திருளா, சுடுகாட்டுக்கு ஆளனுப்பு. விறகு வேணாம், எருவாட்டி வேணாம். குழி வெட்டச் சொல்லு."

முத்திருளன் சோணைமுத்துவின் தம்பி. அவர் திகைத்துப்போனார். "என்ன மதினி சொல்றீங்க? நம்ம வழக்கத்துல பெரியாளுகள எரிக்கத்தான செய்வோம்?"

"உள்ள ஒரு பச்சப்புள்ள இருக்கு. பச்சப்புள்ளைய எரிக்கிற வழக்கம் நமக்கு இருக்கா?"

முத்திருளன் அண்ணனின் நெஞ்சைப் பார்த்தார். ஈரத் துணிக்கு அடியில் அது குடுகுடுவென்று துடித்துக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழிக்கு ஆள் அனுப்பினார்.

அழகர் மட்டும் விடவில்லை. "அடிக்கிற நெஞ்ச மண்ணுக்குள்ள வைக்கச் சொல்றியாம்மா? மெசின்ல வச்சா அதாவது இருக்கும்லமா?"

"மெசினுல கட்டிவச்சு, யாரு பிள்ளைய யாரு காவக் காக்குறது?" என்றாள் பேச்சியம்மாள். "கை நெறைய பைய தூக்கிட்டு ஓடியாந்த. அப்பாவத் தொட்டியாடா இன்னும்? வா, தொடு."

அவன் தொட்டான். நெற்றியைத் தொட்டதும் அந்தக் குளிர்ச்சி அவனுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான். தெருவும் அதற்காகவே காத்திருந்த மாதிரி ஓவென்று அழுதது.

தூக்கும் நேரத்தில் இன்னொரு பேச்சு கிளம்பியது. பேச்சியம்மாள் அங்கயற்கண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வருவதா என்று ஒரு பெரியவர் முனகினார்.

"பெத்தவ வராம?" என்றாள் பேச்சியம்மாள். "இந்தம்மாள ஒருக்க வீட்டோட இருக்கச் சொல்லிட்டுப் போனது போதும். துணைக்கு நான் வர்றேன்."

சுடுகாட்டின் வடக்கு ஓரத்தில், சின்னப் பிள்ளைகளைப் புதைக்கும் இடத்தில், ஆறடிக் குழி வெட்டியிருந்தார்கள். சுற்றிலும் முழம் முழமாகச் சின்ன மேடுகள். சித்திரை வெயிலில் மேல்மண் சுட்டது. உள்ளே இறங்கினால் சில்லென்று இருக்கும் என்று குழி வெட்டியவர் சொன்னார். அங்கயற்கண்ணி அதைக் கேட்டுக்கொண்டாள். மூச்சில்லாமல் அது எவ்வளவு நேரம் துடிக்கும் என்று அவளுக்குத் தெரியாது. குளிர்ச்சியில் தூங்கிவிடும் என்பது தெரியும். மறுபடி சூடு பட்டால் என்ன ஆகும் என்பதை அவள் நினைக்க விரும்பவில்லை.

பால் ஊற்ற எல்லாரும் செம்பை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பேச்சியம்மாள் மடியிலிருந்து ஒரு சங்கை எடுத்தாள். அழகருக்குக் கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய சங்கு. அதில் பாலை ஊற்றி அங்கயற்கண்ணியிடம் கொடுத்தாள்.

"பேரு என்ன?"

"குயிலி."

"குயிலின்னு கூப்பிட்டு ஊத்துங்க."

குழியின் விளிம்பில் கிடத்தியிருந்த உடல்மேல் அவள் குனிந்து, சோணைமுத்துவின் உதட்டில் ஒரு சொட்டும், நெஞ்சில் மீதியும் ஊற்றினாள். கூப்பிட்டாள். பிறகு உள்ளங்கையை அந்த நெஞ்சில் வைத்தாள். அது மிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. எப்படித் தட்ட வேண்டும் என்று அவளுக்கு மறந்தே போயிருந்தது. பேச்சியம்மாள் குனிந்து அவள் கையின்மேல் தன் கையை வைத்து, இப்படி என்று தட்டிக் காட்டினாள். இரண்டு பேருமாகத் தட்டினார்கள். ஓட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. கைக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது என்று தோன்றிய பிறகுதான் குழிக்குள் இறக்கி மண் தள்ளச் சொன்னார்கள்.

மேட்டைக் கூட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடங்கள் என்று முத்திருளன் எல்லாரையும் கிளப்பினார். ஆண்கள் நடந்தார்கள். அழகர் நாலு எட்டு நடந்தவன் திரும்பி ஓடிவந்து, மேட்டின்மேல் குப்புற விழுந்து காதை மண்ணில் வைத்தான். அவன் முகம் மாறியது.

"அம்மா," என்று கத்தினான். "கேக்குதும்மா! கேக்குது!"

அங்கயற்கண்ணி நின்ற இடத்திலேயே நின்றாள். பேச்சியம்மாள் திரும்பிப்போய், மகனின் தோளைப் பிடித்துத் தூக்கி, வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள்.

"கத்தாதடா," என்றாள் ரகசியமாக. "மெதுவா எந்திரிச்சு வா. இப்பத்தான் தூங்குனா."